கரிசல் நிலத்து வழக்குகள் – 9: கமிஷன் வந்த ஊர்

சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வரப்புத் தகராறில் கோர்ட்டுப் படி ஏறியவர்களுக்கு 'கமிஷன் போடுவது' என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். வாதி தன் நிலம் வேப்பமரம் வரைக்கும் என்பார். அந்த வேப்பமரமே தன் பட்டாவில்தான் நிற்கிறது என்பார் பிரதிவாதி. இரண்டு பேரும் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்துவிட்டுத்தான் சொல்வார்கள். முன்சீப் மேசையில் பத்திரம் இருக்கும், அடங்கல் இருக்கும், புல வரைபடமும் இருக்கும். மரம் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லும் சட்டப் புத்தகம் மட்டும் இருக்காது. அப்போதுதான் ஒரு வழக்கறிஞரை ஆணையராக நியமித்து, நேரில் பார்த்து எழுதிக் கொண்டுவரச் சொல்வார்.

கமிஷன் வரும் நாளில் ஊரே வரப்பில் நிற்கும். சர்வேயர் அளக்கத் தொடங்குவதற்குள் "சார், இந்தக் கல்லு முந்தி அங்கிட்டுக் கிடந்துச்சு" என்று ஒரு பெரியவர் ஆரம்பிப்பார். இன்னொருவர் அவரை மறிப்பார். ஆணையர் இருவரையும் கேட்டுக்கொள்வார். எழுதுவது என்னவோ தான் கண்டதைத்தான். கிணறு எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது, வரப்பு புதிதாகப் போட்டதா, பழையதா, மரத்துக்கு வயது எவ்வளவு இருக்கும் என்பதெல்லாம் அதில் வரும். நிலம் யாருக்குச் சொந்தம் என்று அவர் எழுதக்கூடாது. இப்படி ஆணையரை அனுப்ப வழிசெய்வது 1908ஆம் ஆண்டு உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 26ஆம் கட்டளை, 9ஆம் விதி. அறிக்கை தாக்கலானதும் இரு தரப்பும் ஆட்சேபணை போடலாம். அது முடிந்து வழக்குக் கட்டில் சேர்ந்துவிட்டால் அதுவும் ஒரு சாட்சியம்.

முன்சீப் கோர்ட்டின் இந்த எளிய வழி டெல்லி வரை போய், தீப்பெட்டி ஆபீஸ்களையும் பட்டாசுக் கம்பெனிகளையும் பார்க்க மறுபடி சிவகாசிக்கே வந்த கதைதான் இந்த இதழில்.

முதலில், ஒரு நீதிபதியின் மேசையில் என்ன இருந்தது என்பதைப் பார்த்துவிடுவோம். சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புகள் 1876 முதல் 'இந்தியன் லா ரிப்போர்ட்ஸ்' மதராஸ் வரிசையாக அரசாலேயே அச்சிடப்பட்டு வருகின்றன. 1891இல் 'மெட்ராஸ் லா ஜர்னல்' வந்தது. ஜில்லா கோர்ட்டுகளின் வழக்கறிஞர் சங்க நூலகங்களில் பைண்டு செய்து அடுக்கிவைத்திருப்பது பெரும்பாலும் இவற்றைத்தான். இந்த மாவட்டத்துக்கு முதன்மை நீதிமன்றம் விருதுநகரில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. அங்கே வாதாடும் மூத்த வக்கீல் பழைய தீர்ப்பின் பக்க எண்ணை மனப்பாடமாகச் சொல்வதை இன்றும் கேட்கலாம். டெல்லியில் 1937இல் கூட்டாட்சி நீதிமன்றம் தொடங்கியபோது அதற்கென ஒரு நூலகம் அமைந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் நூலகமாக இன்று வளர்ந்து நிற்பது அதுதான்.

முந்தைய நீதிபதிகள் சட்டத்தை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதை இந்தப் புத்தகங்கள் சொல்லும். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் பிள்ளை எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாள் என்பதை அவை சொல்லமாட்டா. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் இதற்கு இரண்டு கதவுகளைத் திறந்துவைத்தது. 45ஆம் பிரிவின்படி, அறிவியலிலும் கலையிலும் தேர்ந்தவரின் கருத்தைக் கேட்க முடிந்தது. 57ஆம் பிரிவு, பொது வரலாறு, அறிவியல் போன்றவற்றில் நம்பத்தக்க நூல்களை நீதிபதியே எடுத்துப் பார்க்க அனுமதித்தது. கைரேகைக்கும் பிரேதப் பரிசோதனைக்கும் இவை போதும். ஒரு தொழில், அதை நம்பியிருக்கும் ஒரு வட்டாரம், அங்கே பல்லாயிரம் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்தே கேள்வியாக வந்து நின்றால் இவை போதா.

இந்த இடத்தில்தான் 1983 முக்கியமாகிறது. ஹரியானாவின் ஃபரிதாபாத் கல்குவாரிகளில் கொத்தடிமைகள் இருப்பதாக பந்துவா முக்தி மோர்ச்சா என்ற அமைப்பு எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் மனுவாகவே எடுத்துக்கொண்டது. குவாரித் தொழிலாளி டெல்லிக்கு வந்து கூண்டில் ஏறிச் சாட்சி சொல்வது நடக்கிற காரியமா? அதனால் அசோக் ஸ்ரீவஸ்தவா, அசோக் பாண்டா என்ற இரண்டு வழக்கறிஞர்களை ஆணையர்களாக அனுப்பினார்கள். சமூகநிலை ஆய்வுக்கு டாக்டர் பட்வர்தன் என்ற ஐ.ஐ.டி. பேராசிரியரும் போனார். குறுக்கு விசாரணைக்கு உட்படாத அறிக்கையை எப்படிச் சாட்சியமாக ஏற்கலாம் என்று எதிர்த்தரப்பு கேட்டது. நியாயமான கேள்விதான். அறிக்கையை முதல்நோக்குச் சாட்சியமாக ஏற்கலாம், மறுப்பவர்கள் பிரமாணப் பத்திரம் போட்டு மறுக்கட்டும் என்று 1983 டிசம்பர் 16இல் நீதிபதி பி.என்.பகவதியின் தீர்ப்பு சொன்னது. சாத்தூர் வரப்பில் நின்ற கமிஷனருக்கு நாட்டின் உச்ச நீதிமன்றத்திலேயே இடம் கிடைத்துவிட்டது.

மூன்றே ஆண்டுகளில் சிவகாசியின் முறை வந்தது.

1986இல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா 465ஆம் எண் ரிட் மனுவைத் தாக்கல் செய்தார். அன்றைய காமராசர் மாவட்டத்துச் சிவகாசித் தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் குழந்தைகள் வேலை செய்வதைப் பற்றியது அது. 1923இல் கல்கத்தாவிலிருந்து தொழில் கற்றுத் திரும்பிய பி.அய்ய நாடாரும் ஏ.சண்முக நாடாரும் தொடங்கிவைத்த தொழில், மானாவாரி பொய்த்த கரிசல் கிராமங்களுக்கு அதற்குள் சோறு போடும் தொழிலாகவே ஆகியிருந்தது. குழந்தைகளும் அந்தச் சோற்றுக்குள்தான் இருந்தார்கள்.

1990 அக்டோபர் 31இல் தலைமை நீதிபதி ரங்கநாத் மிஸ்ராவும் நீதிபதி எம்.எச்.கனியாவும் அளித்த முதல் தீர்ப்பு மிகச் சிறியது. அதில் என் கண் ஒவ்வொரு தடவையும் போய் நிற்பது ஒரு கணக்கில்தான். 1985 டிசம்பர் 31 நிலவரப்படி பதிவுபெற்ற தீப்பெட்டித் தொழிற்சாலைகள் 221, தொழிலாளர்கள் 27,338, அவர்களில் குழந்தைகள் 2,941. ஏறத்தாழ ஒன்பது பேரில் ஒருவர். அரசுத் தரப்பு காட்டிய அந்தக் கணக்கைத் தாண்டி நீதிபதிகள் பார்க்க வழியில்லை. 'பதிவுபெற்ற' என்ற சொல்லை நம் ஊர்க்காரர்கள் படித்தால் சட்டென்று நிற்பார்கள். வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டும் பிள்ளை அந்த 2,941இல் வரமாட்டாள் என்பது அவர்களுக்குத் தெரியும். டெல்லியில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

அதனால் தீர்ப்பும் பாதி வழிதான் போனது. தயாரிப்பு அபாயமானது, அதில் குழந்தைகள் கூடாது. ஆனால் தயாரிப்பு இடத்திலிருந்து தள்ளி, பேக்கிங் வேலையில் வைத்துக்கொள்ளலாம் என்றது. பெரியவர்களின் குறைந்தபட்சக் கூலியில் 60 சதவீதமாவது கொடுக்க வேண்டும், எல்லாத் தொழிலாளர்களையும் 50,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்ய வேண்டும் என்றது. குழந்தைக்குக் கூலி நிர்ணயித்துக் கொடுத்த தீர்ப்பு என்று அதைப் பிற்பாடு பலர் குறை சொன்னார்கள். அந்தக் குறையில் உண்மை இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். எதைக் காட்டினார்களோ அதை வைத்துத்தானே நீதிமன்றம் முடிவு செய்ய முடியும் என்பதும் உண்மை.

பிறகு விபத்து வந்தது. சிவகாசிப் பட்டாசு ஆலை ஒன்றில் நடந்த வெடிவிபத்துச் செய்தியை உச்ச நீதிமன்றம் தானாகவே எடுத்துக்கொண்டது. இறந்தவர்கள் 39 பேர் என்று தமிழக அரசு பதில் மனுவில் சொன்னது. இந்த முறை பதில் மனுவோடு நீதிமன்றம் நிற்கவில்லை. மூத்த வழக்கறிஞர்கள் ஆர்.கே.ஜெயின், இந்திரா ஜெய்சிங், வழக்கறிஞர் கே.சி.துவா ஆகிய மூவரையும் சிவகாசிக்குப் போய்ப் பார்த்துவரச் சொன்னது.

1991 நவம்பர் 11 தேதியிட்டது அவர்களுடைய அறிக்கை. அதன் பரிந்துரைகளைப் படிக்கும்போது, நேரில் பார்த்தவர்களின் கை தெரிகிறது. பட்டாசுத் தொழிலில் குழந்தைகளே கூடாது. தீப்பெட்டியில் பேக்கிங் என்றால் அதற்குத் தனிக் கட்டடம் வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வீட்டிலிருந்து வேலை இடத்துக்குப் போய்வர வண்டி வசதி வேண்டும். வேலை நேரத்தில் சாப்பாடு கொடுக்க வேண்டும். பீஸ் ரேட்டை விட்டு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரியைச் சட்டப் புத்தகத்தைப் பார்த்து யாரும் எழுதியிருக்க முடியாது. எண்ணிக்கைக் கூலிதான் வீட்டுக் குழந்தையைத் தட்டிமேல் உட்காரவைக்கிறது. அம்மா அடுக்கினால் இத்தனை, பிள்ளையும் கூட உட்கார்ந்தால் இன்னும் இத்தனை என்று கணக்குப் போகும். வண்டி வசதியும் அப்படித்தான். பொழுது விடியுமுன் கிராமத்து முக்கில் வந்து நிற்கும் கம்பெனி பஸ், அதில் தூக்கக் கலக்கத்தோடு ஏறும் பிள்ளைகள் என்பது எண்பதுகளில் சாத்தூர், சிவகாசி வட்டாரத்து விடியல்களின் காட்சி. அந்த பஸ்ஸைப் பற்றித் தெரியாதவருக்கு இந்தப் பரிந்துரை தோன்றியிருக்காது.

ஆட்சேபணையும் வந்தது, முன்சீப் கோர்ட்டில் வருவது போலவே. சிவகாசியிலிருந்து அகில இந்தியத் தீப்பெட்டித் தொழிலதிபர்கள் சங்கத்தின் தரப்பில் பிரமாணப் பத்திரம் தாக்கலாகி, சில பரிந்துரைகளைப் பற்றிக் கருத்துச் சொன்னது. அதுவும் வழக்குக் கட்டில் சேர்ந்தது.

1996 டிசம்பர் 10இல் வந்த தீர்ப்பைக் குல்தீப் சிங், பி.எல்.ஹன்சாரியா, எஸ்.பி.மஜ்முதார் ஆகியோர் அமர்வு கொடுத்தது. சிவகாசிக்காகத் தொடங்கிய வழக்கு அதற்குள் நாடு முழுமைக்கும் ஆகிவிட்டிருந்தது. முன்னுரிமையாகக் குறித்த ஒன்பது தொழில்களில் சிவகாசித் தீப்பெட்டியும் உண்டு; சூரத் வைரப் பட்டறை, ஃபிரோசாபாத் கண்ணாடி, மொராதாபாத் பித்தளை, அலிகார் பூட்டு எல்லாம் அதோடு சேர்ந்தன. சட்டத்துக்கு மாறாக வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு ஏதாவது ஒரு வேலை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும், முடியாவிட்டால் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். அந்தப் பணத்தின் வருமானம், குழந்தை பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும் காலம் வரை குடும்பத்துக்கு வர வேண்டும். ஆறு ஆண்டுக்கு முன் குழந்தைக்கு 60 சதவீதக் கூலி என்று எழுதிய அதே வழக்கில், அதே நீதிமன்றம் எழுதியது இது. இடைப்பட்ட காலத்தில் நடந்தவற்றில் பெரியது, மூன்று பேர் ஊருக்கு வந்துபோனது என்பது என் கணிப்பு. ஒரு வீட்டில் பிள்ளையின் கூலி நின்றால் அடுப்பில் என்ன வைப்பார்கள் என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பு பதில் தேடிப் பார்த்தது.

அடுத்த சுற்றில் சத்தமே வழக்கானது. 1999 அக்டோபர் 5இல் மத்திய அரசு பட்டாசுக்கு ஒலி வரம்பு வைத்தது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் 125 டெசிபல் அளவைத் தாண்டக்கூடாது. சரவெடிக்கு ஒரு சூத்திரம் கொடுத்தார்கள்: சரத்தில் எத்தனை வெடியோ அந்த எண்ணின் மடக்கையை ஐந்தால் பெருக்கி, அந்த அளவை வரம்பிலிருந்து கழிக்க வேண்டும். நூறு வெடிச் சரத்தில் ஒவ்வொரு வெடிக்கும் 10 டெசிபல் குறையும்; ஆயிரம் வாலாவில் 15 குறைந்து 110 ஆகும். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் விட்டுவந்த மடக்கை, சரம் பின்னும் அக்காமார்களின் பிழைப்புக்குள் நுழைந்தது இப்படி. 2005 ஜூலை 18இல் தலைமை நீதிபதி ஆர்.சி.லகோட்டி அமர்வு ஒலி மாசு வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, ஒவ்வொரு ரகத்துக்கும் மருந்துக் கலவை என்ன என்று நிர்ணயிக்கும் பொறுப்பை வெடிபொருள் துறையிடம் விட்டது. 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தை நடத்திவரும் துறை அது, தலைமையகம் நாக்பூர். டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று கம்பெனிகளையே லைசென்ஸ் வந்த இடத்தை வைத்துப் பிரித்துப் பேசுகிற சிவகாசிக்கு இது புதிதல்ல.

வேதியியல் நேராக நீதிபதி மேசைக்கு வந்தது 2015இல். டெல்லியில் மூன்று கைக்குழந்தைகள் பெயரில், மூச்சுவிடும் உரிமை கேட்டு ரிட் மனு தாக்கலானது. அர்ஜுன் கோபால் வழக்கு என்பார்கள். 2017 ஜூலை 31இல் ஆன்டிமணி, லித்தியம், பாதரசம், ஆர்சனிக், ஈயம் ஆகிய ஐந்தையும் பட்டாசில் சேர்க்கத் தடை வந்தது. 2018 அக்டோபர் 23இல் ஏ.கே.சிக்ரி, அசோக் பூஷண் அமர்வு பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடைசெய்தது.

பேரியம் நைட்ரேட்டைச் சிவகாசியில் 'பச்சை உப்பு' என்பார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் வெள்ளையாகத்தான் இருக்கும். எரிந்தால்தான் பச்சை. நிறம் கொடுப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. எரிய ஆக்சிஜன் கொடுப்பதும் அதுதான் என்பதால், பச்சை நிறமே வராத கம்பி மத்தாப்பிலும் அதைச் சேர்ப்பார்கள். ஒரு உப்பை நிறுத்தினால் ஒரு நிறம் போய்விடும் என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். சிவகாசியில் அது கம்பெனி கேட்டை மூடுகிற விஷயம். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஆலைகள் சில மாதங்கள் மூடித்தான் கிடந்தன.

நாக்பூரிலுள்ள நீரி ஆய்வகத்தின் பசுமைப் பட்டாசு 2019 அக்டோபரில் வெளியானது. மாசு 30 சதவீதம் அளவுக்குக் குறையும் என்றார்கள். தடைக்குப் பின்னும் பேரியம் கலப்பதாகப் புகார் வந்தபோது, 2020 மார்ச்சில் சென்னை சி.பி.ஐ. இணை இயக்குநரை விசாரிக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2023 செப்டம்பர் 22இல் பேரியத்தையும் சரவெடியையும் திரும்ப அனுமதிக்கக் கேட்ட மனுக்களை ஏ.எஸ்.போபண்ணா, எம்.எம்.சுந்தரேஷ் அமர்வு ஏற்கவில்லை.

2018 தீர்ப்பில் ஒரு சிறு செய்தி இருக்கிறது, நம் பொருளுக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. தீபாவளிக்கு இரவு 8 முதல் 10 மணி வரைதான் பட்டாசு என்று தீர்ப்பில் எழுதியிருந்தது. வடக்கே விளக்கேற்றும் மாலைதான் தீபாவளி. நமக்கு அது கங்கா ஸ்நானம் முடிந்து, எண்ணெய்த் தலையோடு வாசலில் முதல் வெடி வைக்கும் விடியற்காலை. தமிழ்நாடு அரசு ஓடிப்போய் முறையிட்டது. இரண்டு மணி நேரம் என்ற கணக்கு மாறக்கூடாது, எந்த நேரம் என்பதை மாநிலமே முடிவுசெய்துகொள்ளட்டும் என்று அக்டோபர் 30இல் திருத்தினார்கள். அப்படித்தான் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று வந்தது. எவ்வளவு பெரிய நூலகம் இருந்தாலும், ஒரு ஊரின் விடியற்காலையை அந்த ஊர்க்காரர் வந்துதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் இதே சிக்கலுக்கு வேறு விதமாக வழி தேடினார்கள். கூட்டரசு நீதிபதிகளுக்குப் பயிற்சியும் ஆய்வுத் துணையும் கொடுக்க 1967இல் அங்கே கூட்டரசு நீதித்துறை மையம் அமைத்தார்கள். நிபுணர் சொல்வது அறிவியல்தானா என்று நீதிபதியே சலித்துப் பார்க்க வேண்டும் என்று 1993இல் டாபர்ட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சலிக்கக் கற்றுக்கொடுப்பது யார்? அடுத்த ஆண்டே அந்த மையம் அறிவியல் சான்றுகளுக்கான வழிகாட்டிக் கையேட்டை வெளியிட்டது. புள்ளியியல், நச்சியல், நோய்ப்பரவல் ஆய்வு என்று துறைதோறும் அத்தியாயங்கள். 2011இல் மூன்றாம் பதிப்பும் வந்தது. நம் நாட்டிலும் போபாலில் தேசிய நீதித்துறை அகாடமி இருக்கிறது, தமிழ்நாட்டுக்குத் தனி அகாடமி உண்டு, அதன் மண்டல மையம் மதுரையிலும் இயங்குகிறது. 2023 முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் யாரும் பார்க்கும்படி வந்து, அவற்றில் பல தமிழிலும் கிடைக்கின்றன. பச்சை உப்பின் தடையைப் பச்சை உப்பு அள்ளுகிறவர் தன் மொழியில் படிக்கும் காலம் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஆனால் நாம் தேர்ந்துகொண்ட வழி வேறு: நிபுணரையே நீதிபதியின் பக்கத்தில் உட்காரவைப்பது. சுற்றுச்சூழல் வழக்குகளுக்கு விஞ்ஞானிகளும் சேர்ந்த நீதிமன்றம் வேண்டும் என்று 1999இல் நாயுடு வழக்கில் நீதிபதி எம்.ஜெகன்னாத ராவ் எழுதினார். 2010இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பிறந்தபோது, நீதித்துறை உறுப்பினரோடு நிபுணர் உறுப்பினரும் ஆசனத்தில் அமர்ந்தார்.

2021 பிப்ரவரி 12ஆம் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தீர்ப்பாயம் தானாக வழக்கெடுத்தது. நிபுணர் ஆசனத்திலேயே இருந்தும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே.கண்ணன் தலைமையில் எட்டுப் பேர் குழுவை அமைத்து நிலைமையைப் பார்த்து அறிக்கை தரச் சொன்னது. அந்த ஆண்டிலேயே, இறந்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உத்தரவிட்டது. சாத்தூர் வரப்புக்குக் கமிஷனர் வந்த அதே சாலையில், முப்பது ஆண்டுக்கு முன் மூன்று வழக்கறிஞர்கள் வந்த அதே வட்டாரத்துக்கு, மறுபடியும் ஒரு கமிஷன்.

1996 தீர்ப்பு சொன்ன 20,000 ரூபாயை விட்ட இடத்தில் அடுத்த இதழைத் தொடங்குகிறேன். குழந்தைகளைக் கணக்கெடுக்க ஆறு மாத அவகாசம் கொடுத்திருந்தது அந்தத் தீர்ப்பு. கணக்கெடுப்பவர் வீட்டு வாசலில் வந்து நின்று வயது கேட்டபோது கரிசல் கிராமங்களில் என்ன நடந்தது என்பதிலிருந்து அந்தக் கதை ஆரம்பம்.

(தொடரும்)